நாகப்பட்டினம் போகட்டுமா, அக்கா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 19. வீடு காசிமேட்டில். அம்மா விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டையில் விற்கிறார். அப்பா இல்லை. தம்பி பத்தாவது படிக்கிறான். இரண்டாவது தடவை நீட் எழுதி, கலந்தாய்வின் முதல் சுற்றில் நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்திருக்கிறது. நான் ஆசைப்பட்டது ஸ்டான்லி. வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். இரண்டாம் சுற்றில் வருமா என்று ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் போனைத் திறந்து பார்க்கிறேன். என்னைவிடக் குறைந்த மார்க் வாங்கிய தோழிக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் ஸ்டான்லி கிடைத்துவிட்டது. நான் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்ததால் எனக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. அம்மா, 'அவ்வளவு தூரம் வேணாம்' என்கிறார். வீட்டை அடமானம் வைத்துப் பக்கத்திலேயே தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்க்கலாம் என்கிறார் மாமா. இன்னொரு வருஷம் எழுதிப் பார்க்கலாமா என்றும் தோன்றுகிறது. நான் போய்விட்டால் அம்மாவின் கணக்கை யார் எழுதுவார்கள் என்று நினைத்தாலே அழுகை வருகிறது. என்ன செய்யட்டும்?
– காசிமேடு வாசகி

பதில்: அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். சேர வேண்டிய கெடு நெருங்குவதால் இந்தப் பதிலின் சுருக்கத்தை உனக்கு முன்பே அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால் முழுவதும் இங்கே. உன் மார்க், ரேங்க், பிரிவு எதையும் போடவில்லை.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்தில் சேர்ந்துவிடு. சேர்ந்த பிறகு, வேண்டுமானால் இரண்டாம் சுற்றுக்கு அப்கிரேடேஷன், அதாவது இன்னும் மேலான இடத்துக்கு மாற்றம், கேட்டு வை. மேலே எதுவும் கிடைக்காவிட்டால் இருக்கிற இடம் அப்படியே இருக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அப்கிரேடேஷனில் புது இடம் வந்துவிட்டால் பழைய இடம் அதோடு போய்விடும். 'இதைவிட அதுவே தேவலை' என்று திரும்பி வர முடியாது. மாநிலக் கலந்தாய்வின் சாய்ஸ் பட்டியலில் அரசுக் கல்லூரிகளும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் ஒன்றாகத்தான் வரும். அம்மா பக்கத்தில் இருக்கச் சொன்னாரே என்று சென்னைக்கு அருகிலுள்ள ஒரு தனியார் கல்லூரியை நீ நாகப்பட்டினத்துக்கு மேலே போட்டு, அது கிடைத்தும்விட்டால், சில ஆயிரங்களில் முடியும் ஆண்டுக் கட்டணம் சில லட்சங்களாக மாறிவிடும். அதுவும் 'அரசு ஒதுக்கீடு' என்ற பெயரிலேயே. இந்தப் பெயரைப் பார்த்து ஏமாந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். சாய்ஸ் போடும்போது ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி கேள்: இது கிடைத்து நாகப்பட்டினம் போய்விட்டால் எனக்குச் சந்தோஷமா? ஆமாம் என்றால் மட்டும் மேலே போடு. லாக் பண்ணுவதற்கு முன் பட்டியலைத் தம்பியிடம் உரக்கப் படித்துக் காட்டு.

அப்புறம் ஸ்டான்லி. முதல் சுற்றின் அலாட்மென்ட் பட்டியலில் உன் பிரிவில் ஸ்டான்லி எந்த ரேங்கோடு நின்றது என்று பார்த்தேன். உனக்கும் அந்தக் கடைசி ஆளுக்கும் நடுவே சில நூறு பேர் நிற்கிறார்கள். எய்ம்ஸ், ஜிப்மர், அகில இந்திய ஒதுக்கீடு என்று வேறிடம் கிடைத்துச் சிலர் கிளம்புவதால்தான் இரண்டாம் சுற்றில் இடம் நகர்கிறது. அந்த நகர்வில் ஓரிரு படி ஏறலாம். நாகையிலிருந்து ஸ்டான்லி வரை ஏறுவது நடக்காது என்று எழுத எனக்கு மனசில்லை, ஆனால் நடக்காது என்றுதான் நினைக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்தாலும் அந்தச் சில நூறு பேர் அப்படியேதான் நிற்பார்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தேர்வுக் குழுவின் தளத்தைப் பார். போதும். நடுவில், 'சீட் வாங்கித் தருகிறேன்' என்று எவனாவது போன் செய்தால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடு. கலந்தாய்வுக்கு வெளியே சீட் கிடையாது.

ஸ்டான்லி மேல் உனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்குப் புரியாமல் இல்லை. நானும் பழைய வண்ணாரப்பேட்டைக்காரிதான். என் பாட்டி கடைசிவரை அதை ஸ்டான்லி என்று சொன்னதே இல்லை, கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. 1938இல் மருத்துவக் கல்லூரி ஆனது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டாக்டர் என்றால் அந்தப் பழைய ஜெயில் ரோடு கேட்டுக்குள் போகிறவர்தான். நாகப்பட்டினம் கல்லூரியோ 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 அரசுக் கல்லூரிகளில் ஒன்று. முதல் பேட்ச் இன்னும் வெளியே வரவில்லை. பெருமை பேச அங்கே பழங்கதை எதுவும் இல்லை.

ஆனால் இரண்டும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழேதான் வருகின்றன. அதே பரீட்சை, அதே பட்டம். நாளைக்கு மேற்படிப்புக்கு நீட் பி.ஜி. எழுதும்போது எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள். ஸ்டான்லியில் ஒரு பேட்ச்சுக்கு 250 பேர், நாகையில் 150. ஸ்டான்லியில் நோயாளிகளும் நோய்களும் அதிகம், உண்மைதான். கட்டிலைச் சுற்றிப் பி.ஜி.க்கள் நிற்பார்கள், அவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிக்க வேண்டும், அதுவும் உண்மைதான். புதிய கல்லூரிகளில் சில துறைகளில் ஆசிரியர்கள் போதாது என்ற புகார் உண்டு. அங்கே படிக்கும் சீனியர் ஒருவரைப் பிடித்து, எந்தத் துறையில் யார் நன்றாக எடுக்கிறார்கள், விடுதியில் தண்ணீர் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டுக்கொள். கல்லூரி நாகை ஊருக்குள் இல்லை, ஒரத்தூரில் இருக்கிறது. பஸ் எத்தனை மணி வரை என்பதையும் கேள்.

மாமாவுக்கு ஒரே ஒரு கணக்கு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஆண்டுக் கட்டணமே 13 லட்சத்துக்கு மேல். நாலரை வருஷத்துக்குப் போட்டால் 58 லட்சத்தைத் தாண்டுகிறது, வட்டி சேர்க்காமல். தண்டல் வாங்கி ஏலம் எடுக்கிற அம்மாவுக்கு வட்டி என்றால் என்ன என்று மாமா சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் அரசுச் சீட் இருக்கும்போது வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். மாமா நல்ல மனசோடுதான் சொல்கிறார். அவரிடம் சண்டை போடாதே, விடுதிக்குப் பாயும் வாளியும் வாங்கித் தரச் சொல்.

இன்னொரு வருஷம் எழுதலாமா? வேண்டாம். நீட் உன் படிப்பை மட்டும் பார்ப்பதில்லை, அந்த வருஷத்துக் கேள்வித்தாளும் சேர்ந்துகொள்கிறது. 2024இல் 720க்கு 720 வாங்கியவர்களே பல பேர். 2025இல் நாட்டில் முதலிடம் பிடித்தவருக்கே 686தான். அடுத்த மே மாதம் எப்படி இருக்கும் என்று யாரிடமும் உத்தரவாதம் கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. நீ பரீட்சை எழுதுகிற மே மாதம் உன் வீட்டில் தடைக்காலம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. 2025இல் ரிசல்ட் வந்ததே ஜூன் 14 அன்றுதான், தடை முடிகிற நாளில். வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதத்தை உன் பரீட்சைக்காக அம்மா இரண்டு தடவை தாண்டியிருக்கிறார். மூன்றாவது தடவை கேட்காதே.

தோழி விஷயம் உறுத்துவது இயல்பு. 7.5 சதவீதம் 2020இல் சட்டமாக வந்தது, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளும் ஏழைகள்தானே என்ற உன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை அரசிடம் கேட்கலாம், அவளிடம் கேட்க முடியாது. அவளுக்கு இன்னும் வாழ்த்துச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். இன்றைக்கே சொல்லிவிடு. பிற்பாடு அவளுடைய அனாடமி நோட்டு உனக்குத் தேவைப்படும்.

சரி, இனி அம்மா. உன் நாலு பக்கக் கடிதத்தை மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தையும் இரண்டு தடவை படித்தேன். ஸ்டான்லி என்ற பெயர் ஆறு இடத்தில் வருகிறது, அம்மாவின் கணக்கு நோட்டு ஒன்பது இடத்தில். ஏலக்காரருக்கு எவ்வளவு பாக்கி, எந்த ஹோட்டல் எவ்வளவு தர வேண்டும், எந்த வீட்டில் கடன் என்று எட்டாம் வகுப்பிலிருந்து நீ எழுதிவருகிறாய். நீ கல்லூரியைப் பற்றிக் கேட்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். எனக்கென்னவோ வீட்டை விட்டுக் கிளம்பலாமா என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. ஸ்டான்லி கிடைத்தால் அந்தக் கேள்வியே வராது, இல்லையா? நாலு மணிக்குத் துறைமுகம், எட்டு மணிக்கு வகுப்பு, ராத்திரி நோட்டு. முதல் வருஷம் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் சேர்ந்து அழுத்தும்போது எத்தனை மாதம் தாங்குவாய்? பக்கத்து வீட்டுக் கல்லூரி என்பது வரம் மட்டும் இல்லை. இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

ஏழெட்டு வருஷத்துக்கு முன் என் அப்பாவின் விரல்கள் கதவில் நசுங்கி, ராத்திரி ஸ்டான்லிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கட்டுப் போட்ட ஹவுஸ் சர்ஜன் ஒல்லியான ஒரு பெண், தருமபுரிப் பக்கம். வேலை நடுவில் அவள் போன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டு, 'சாப்ட்டேம்மா, இப்பதான் சாப்ட்டேன்' என்றாள். வெள்ளைக் கோட்டுப் பாக்கெட்டில் கவர் பிரிக்காத ஒரு பன் இருந்தது. கட்டு முடிந்ததும் அதைப் பாதியாகப் பிய்த்து அப்பாவிடம் நீட்டினாள். சர்க்கரை நோய் என்று அவர் வாங்கவில்லை. நீ ஆசைப்படுகிற அந்த ஸ்டான்லியின் விடுதியில் இருக்கிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் இப்படி எங்கோ ஓர் ஊரில் ஓர் அம்மாவை விட்டுவிட்டு வந்தவர்கள். தண்டையார்பேட்டையில் அவர்களில் யாராவது உன் அம்மாவிடம் சங்கரா மீன் வாங்கியிருக்கலாம்.

அம்மாவிடம் பேசும்போது நாகப்பட்டினத்தின் பெருமையையெல்லாம் சொல்லாதே, எடுபடாது. நோட்டை எடுத்து அவர் முன்னாலேயே தம்பியிடம் கொடு. பத்தாவது படிக்கிறவனுக்குக் கூட்டல் கழித்தல் தெரியும். பெண் பிள்ளைதான் கணக்கு எழுத வேண்டும் என்று எந்த நோட்டிலும் அச்சடிக்கவில்லை. ஒரு வாரம் அவன் எழுதட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து பார். தப்பு வரும். ஹோட்டல் பாக்கியை இரண்டு தடவை கூட்டுவான். திருத்திக் கொடு, பிடுங்கிக்கொள்ளாதே. நீ போன பிறகு ஞாயிறுதோறும் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல். 'தூரம் வேணாம்' என்று அம்மா சொல்வதில் பாதி பாசம், பாதி இந்த நோட்டு. நோட்டுக்கு வழி செய்துவிட்டால் மிச்சம் இருக்கிற பாதியை அவர் அழுது தீர்த்துக்கொள்வார். அழட்டும். நீயும் அழு.

பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், நேட்டிவிட்டி, அலாட்மென்ட் ஆர்டர் எல்லாம் அசலும் நகலுமாக ஒரே ஃபைலில் இருக்கட்டும். உன் வீட்டில் கல்லூரி வாசல் மிதிக்கிற முதல் ஆள் நீதான் என்பதால் முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவையில் இன்னும் எடுக்காவிட்டால் நாளைக்கே போ. கட்டணச் சலுகை உண்டு. கெடுவின் கடைசி நாள் வரை காத்திருக்காதே.

எழும்பூரில் ராத்திரி காரைக்கால் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை நாகப்பட்டினம். மூன்று டிக்கெட் போடு. அம்மா விடுதி அறையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், கட்டிலைத் தட்டிப் பார்க்க வேண்டும், வார்டனிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். சேர்க்கை முடிந்ததும் அக்கரைப்பேட்டைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போ. அங்கேயும் ஏலம்தான், அங்கேயும் கூடைதான். செவுளைத் தூக்கிப் பார்த்து, வஞ்சிரம் காசிமேட்டைவிட இங்கே எவ்வளவு குறைச்சல் என்று அவர் விலை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். திரும்பி வரும்போது ரயிலில் ஐஸ் பெட்டி வேண்டாம் என்று தம்பியைவிட்டுச் சொல்லிப் பார். கேட்க மாட்டார்.