ஏ.ஆர்.டி. மாத்திரையைப் பாதியில் விட்டுவிடும் அக்காக்களிடம் எப்படிப் பேசுவது?

“மதுரையில் பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்கான திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்திருக்கிறேன். ஹெச்.ஐ.வி. பாசிட்டிவ் ஆனவர்கள், அந்தக் கிருமியை அடக்கிவைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை நாலைந்து மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு புத்தி சொன்னாலும் கேட்பதில்லை” என்று கேட்டிருக்கிறீர்கள்.

புத்தி சொல்வதை முதலில் நிறுத்துங்கள். “மாத்திரை போட்டீங்களாக்கா?” என்றால் “போட்டேன்” என்றுதான் வரும். உங்கள் மனசு நோகக் கூடாதே என்று சொல்கிற பதில் அது. “பாட்டில்ல இன்னும் எத்தனை கெடக்குக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். 30 மாத்திரை வாங்கி 22 நாள் போட்டிருந்தால் 8 மீதி இருக்கணும். 11 இருந்தால் மூன்று நாள் விட்டுப்போயிருக்கிறது. 22-க்கு 19, கிட்டத்தட்ட 86 சதவீதம். 95-க்கு மேல் இருப்பதுதான் இலக்கு. அடுத்த கேள்வி, அது எந்த மூன்று நாள் என்பது. வெளியூர் போனாரா, வீட்டுக்கு யாராவது வந்திருந்தார்களா, குடித்திருந்ததால் பயந்து போடாமல் விட்டாரா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

குடித்த அன்றைக்கு மாத்திரை போடக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். குடி நல்லது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அதற்காக மாத்திரையை விடச் சொல்லாதீர்கள். மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் ஒன்று போட்டால் போதும். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

நேரம்தான் பெரும்பாலும் தப்பாக அமைகிறது. முன்பு கொடுத்த எஃபாவிரென்ஸ் கலந்த மாத்திரை தலையைச் சுற்றும், அதனால் படுக்கப் போகும்போது போடச் சொன்னார்கள். அந்தப் பழக்கத்தில் இன்றும் “ராத்திரி எட்டு மணி” என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி எட்டு மணி அந்த அக்காவுக்கு வேலை நேரம். இப்போது கொடுப்பது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் பகல்தான் தோது. பதினோரு மணிக்கு எழுந்து குடிக்கிற முதல் டீயோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். கடிகாரத்தைவிட டீ தவறாது.

இன்னொன்று, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில், டைஜீன் வகையறா. அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. ஏ.ஆர்.டி. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து அதைக் குடிக்கலாம். முதலில் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் பொறுக்கணும். சத்து மாத்திரையில் இரும்பு, கால்சியம் இருந்தாலும் இதே கணக்குதான், ஆனால் சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்தே போடலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் டோலுடெக்ராவிர் 50 இன்னொரு வேளையும் வேண்டும், எனவே காசநோய் மருந்து கொடுக்கும் இடம், ஏ.ஆர்.டி. மையம் இரண்டிலும் விஷயத்தைச் சொல்லச் சொல்லுங்கள். கல்லீரலில் ஹெபடைட்டிஸ் பி இருப்பவர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அது கிளம்பிவிடும். இதை மட்டும் பயமுறுத்தியே சொல்லலாம், தப்பில்லை.

அப்புறம் அந்த பாட்டில். கைப்பையில் போட்டால் சலங்கை மாதிரி சத்தம் போடும். பாட்டில் வாய்க்குள் ஒரு துண்டு பஞ்சு வைத்தால் சத்தம் நின்றுவிடும். சிலர் லேபிளைக் கிழித்து மாத்திரையைச் சுருக்குப் பையில் கொட்டிக்கொள்வார்கள். அதற்குப் பதில் இறுக்கமாக மூடும் சின்ன டப்பா கொடுத்து, பாட்டிலில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் அதில் போடச் சொல்லுங்கள். அடுப்படியிலும் தகர ஷெட்டிலும் சித்திரை வெயிலில் வைக்க வேண்டாம்.

ஐந்து நாள் மாத்திரை தனியாக, அவர் நம்பும் இன்னொரு அக்காவிடம் இருக்கட்டும். போலீஸ் கூட்டிப்போனாலோ, அறையை அவசரமாகக் காலி பண்ண நேர்ந்தாலோ பாட்டில் உள்ளேயே கிடந்துவிடும். வெளியூர் போவதாகக் காதில் விழுந்தால் சிகிச்சை விவரம் எழுதிய பச்சைப் புத்தகம் பையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் காட்டினால் அந்த ஊர் ஏ.ஆர்.டி. மையத்தில் அவசரத்துக்கு வாங்கலாம். நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்து மொத்தமாகக் கொடுப்பதுண்டு, கேட்டுப் பாருங்கள்.

ஆரம்பித்து ஆறாவது மாதம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை, பிறகு பன்னிரண்டாவது மாதம், அதற்கப்புறம் வருடம் ஒருமுறை. 1000-க்கு மேல் வந்தால் திட்டாதீர்கள். மூன்று மாதம் நெருங்கி ஆலோசனை கொடுத்து மறுபடி பார்த்த பிறகுதான் மருந்தை மாற்றுவதா என்று யோசிப்பார்கள். கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நிலைத்தால் உடலுறவில் ஹெச்.ஐ.வி. பரவாது. மேகநோய்க்கு அந்தச் சலுகை கிடையாது, ஆகவே ஆணுறை தொடரணும்.

“தொழிலை விடச் சொல்லாமல் மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்களே” என்று கீழே ஒருவர் எழுதத்தான் போகிறார். சர்க்கரைக்காரரிடம் வேலையை விட்டால்தான் மருந்து என்று யாராவது சொல்கிறோமா?

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹெச்.ஐ.வி.க்கு அடையாளமான சிவப்பு ரிப்பனை அச்சடித்த துணிப்பையை மருந்து வாங்க வருகிறவர்களுக்கே கொடுக்கும் கூத்து எந்தப் புண்ணியவான் யோசனையோ தெரியாது. ஒருவரின் ஹெச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் சட்டம் போட்டாயிற்று, 2018 செப்டம்பரில் அமலுக்கும் வந்தாயிற்று. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரும் பை ஊருக்கே சொல்கிறது. அதை வாங்கி உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துக்கொள்ளும் அக்காக்களுக்கு இருக்கும் அறிவு அச்சடித்தவருக்கு இல்லை. நீங்களும் கழுத்து அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள். அக்காவின் நம்பரை போனில் ‘ஏ.ஆர்.டி.’ என்று சேர்த்துச் சேமிக்காதீர்கள்.

சித்திரையில் மட்டும் மருந்து வாங்கும் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம் கோரிப்பாளையம் பக்கம் பஸ் நுழையாது, பெரியாஸ்பத்திரிக்கு நடந்தும் போய்ச் சேர முடியாது. ஒரு வாரம் முன்னாலேயே மருந்தை வாங்கிவிடச் சொல்லுங்கள்.