கப்பலில் கேஷா, கார்டா?

கேள்வி: நான், மனைவி, பையன் மூவரும் சகலை குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து ராயல் கரீபியன் கப்பலில் 4 ராத்திரி போகிறோம். டிக்கெட் பணம் கட்டியாகிவிட்டது. கப்பல் செலவுக்கென்று 60,000 ரூபாய் கையில் வைத்திருக்கிறேன். கிரெடிட் கார்டில் 1.4 லட்சம் பாக்கி, மாதம் 7,000 மினிமம் கட்டி வருகிறேன். அதில் 62,000 போன வருஷம் துபாயில் சகலைக்காகத் தேய்த்தது, இன்னும் வரவில்லை. இப்போதும் இரண்டு கேபினையும் என் கார்டிலேயே போடச் சொல்கிறார், பாயின்ட் சேருமாம். பாங்கில் மார்க்அப் (வெளிநாட்டுப் பணத்தில் செலவழித்தால் மேலே சேர்க்கும் கட்டணம்) இல்லாத புது டிராவல் கிரெடிட் கார்டு தருவதாகச் சொல்கிறார்கள். கேஷ் நல்லதா, கார்டு நல்லதா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மாதாமாதம் முழு பில்லையும் கட்டுகிறவராக இருந்தால் கார்டு என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். உங்களுக்குக் கேஷ்தான். பாக்கி வைத்திருக்கிற கார்டுக்கு அந்த வட்டியில்லாத நாட்கள் கிடையாது. கப்பலில் குடிக்கிற காபிக்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

மாதம் 3.75%, அதன்மேல் ஜிஎஸ்டி, ஆக 4.4% என்று வையுங்கள். 1.4 லட்சத்துக்கு வட்டி மட்டும் சுமார் 6,200. நீங்கள் கட்டுகிற 7,000-ல் அசல் குறைவது 800 ரூபாய்! இதில் பாயின்ட் என்ன வேண்டிக்கிடக்கிறது?

புது டிராவல் கார்டையும் வாங்க வேண்டாம். வழக்கமான கார்டில் மார்க்அப் 3.5%, ஜிஎஸ்டியோடு 4.13%. கப்பலில் செலவாகிற 400 அமெரிக்க டாலருக்கு (டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்) சுமார் 1,500 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க இன்னொரு கடன் வாசலைத் திறப்பார்களா?

கப்பலில் எங்கேயும் நோட்டை நீட்டி வாங்க முடியாது. அறைச் சாவியாக இருக்கும் சீபாஸ் அட்டையில்தான் எல்லாம் ஏறும். ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால் கார்டு கொடுப்பதற்குப் பதில் டாலரை டெபாசிட்டாகக் கட்டலாம். தீர்ந்தால் அட்டை வேலை செய்யாது, மறுபடி கெஸ்ட் சர்வீஸ் கவுண்டரில் போய் நிற்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லை நல்லதுதான். டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். பிடித்துவைக்கிற தொகை ஊர் வந்த பிறகும் சில நாள் விடுபடாது.

400 டாலர் போதும், 36,000 ரூபாய். அதில் டிப்ஸ் தானாகவே ஏறும்: ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 18.50 டாலர், பையனுக்கும் உண்டு. மூன்று பேருக்கு 4 ராத்திரிக்கு 222. மிச்சம் 178. சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம் என்பதால் சமாளிக்கலாம். பாரில் ஜூஸ் வாங்கினால் 18% சேர்த்துத்தான் சீட்டு வரும். அதிலேயே கீழே டிப்ஸுக்கு ஒரு காலி வரி இருக்கும். கூச்சப்பட்டு அதை நிரப்பாதீர்கள். பையன் கழுத்தில் தொங்கும் அட்டையில் செலவு ஏறாமல் கெஸ்ட் சர்வீஸில் முதல் நாளே பூட்டிவிடுங்கள். மீதி 24,000-ஐப் பயணத்துக்கு முன்பே கார்டு பாக்கியில் கட்டுங்கள்.

அப்புறம் சகலை. ஆன்லைன் செக்-இன்னில் அவர் கேபினுக்கு அவர் கார்டை அவரே போடட்டும். "என் கார்டில் லிமிட் மிச்சமில்லை" என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. முதலில் உங்கள் மனைவியிடம் பேசிவிடுங்கள். அக்கா தங்கை வழியாக எப்படியும் வீட்டுக்குத்தான் வரும். 62,000-ஐயும் கப்பல் ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். ஏறின பிறகு கேட்டால் 4 ராத்திரியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

வீட்டில் சும்மா கிடக்கும் நகை இருந்தால் அடகு வைத்து மீதிப் பாக்கியை ஒரே மூச்சில் அடையுங்கள். மாதம் 1% வட்டி என்றால் 1.16 லட்சத்துக்கு 1,160 ரூபாய். அதே 7,000-ஐக் கட்டி வந்தால் சுமார் ஒன்றரை வருஷத்தில் நகை வீடு திரும்பும். அதுவரை கார்டு பர்ஸில் இருக்க வேண்டாம்.

டெபாசிட்டில் மிச்சமிருந்தால் திருப்பித் தருவார்கள். இறங்குகிற அன்று காலை வரிசை நீளும். கடைசி ராத்திரியே செலவை முடித்துக்கொண்டு வாங்கிவிடுங்கள்.