வைப்புச் சீட்டின் படத்துக்குக் காரின் திறப்பைக் கொடுக்காதீர்கள்

வாசகி, வெள்ளவத்தை: என் பெயரிலுள்ள வெகன் ஆர் காரை விற்க விளம்பரம் செய்திருந்தேன். கனடாவில் இருப்பதாகச் சொல்லும் ஒருவர், வவுனியாவிலுள்ள தகப்பனாருக்காக அதைப் பாராமலே வாங்கச் சம்மதித்து, 62 இலட்சம் ரூபாவை வைப்பிலிட்டதாகச் சீட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். கணக்கிலும் தொகை தெரிகிறது. வெள்ளி மாலை சாரதி வருவாராம். எங்கள் ஊர்ப் பக்கத்தவர், மிகவும் மரியாதையாகப் பேசுகிறார். காரைக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காசு என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. காசோலை இலக்கத்துக்கான கட்டத்தில் ஆறு இலக்கங்கள் இருக்கின்றன, அவற்றின் மேல் பாதி மறையும்படி வங்கியின் முத்திரை விழுந்திருக்கிறது. உங்கள் கணக்கில் யாரோ ஒரு காசோலையைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கணக்கில் தெரியும் மீதி வேறு, நீங்கள் எடுக்கக்கூடிய மீதி வேறு. காசோலையின் பிம்பத்தை மட்டும் அனுப்பித் தீர்வு செய்யும் முறை 2006 இல் இலங்கைக்கு வந்தபின் காரியம் விரைவாகிவிட்டது என்றாலும், அடுத்த வேலை நாள் வரையாவது பொறுத்திருக்க வேண்டும். இடையில் சனி, ஞாயிறும் பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினமும் வந்துவிட்டால், காசோலை பணமின்றித் திரும்பிய செய்தி உங்களை எட்டுமுன் கார் எங்கோ போய்விடும். இவர்கள் வெள்ளிக்கிழமையைத் தெரிவுசெய்வது பக்தியினால் அல்ல.

உங்கள் கடிதத்தில் என்னைச் சினங்கொள்ள வைத்தது "ஊர்ப் பக்கத்தவர்" என்ற சொல். ஊரைச் சொல்லி, கோயிலைச் சொல்லி, முகநூலில் பார்த்து நம் பெரியப்பாவின் பெயரையும் சொல்லிக்கொண்டு வருபவரிடம் "காசு வந்து சேரட்டும்" என்று சொல்ல நமக்கு நாக் கூசுகிறது. முன்பின் தெரியாத சிங்கள வியாபாரியிடம் நூறு கேள்வி கேட்கும் நாம், தமிழில் "அக்கா" என்று அழைக்கப்பட்டதும் அடையாள அட்டையைக்கூடக் கேட்பதில்லை. அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் இவர்களின் பிழைப்பே நடக்கிறது. தகப்பனார் உண்மையில் இருப்பாரானால், வவுனியாவிலிருந்து அவரோ ஓர் உறவினரோ வேலை நாளொன்றில் உங்கள் வங்கிக் கிளைக்கு வரட்டும். பணம் கணக்குக்கு மாற்றப்பட்டு, அதை நீங்கள் எடுக்கலாம் என்று அதிகாரி வாயால் சொன்ன பிறகு, உரிமை மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களில் கையெழுத்திட்டுத் திறப்பைக் கொடுங்கள். வங்கியே வழங்கும் கொடுப்பனவுக் கட்டளை (பே ஓடர்) கொண்டுவந்தால், அதில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி இலக்கத்தை நம்பாமல், நீங்களே தேடி எடுத்த இலக்கத்தில் அதை வழங்கிய கிளையை விசாரியுங்கள்.

வாசகர், கொட்டாஞ்சேனை: காருக்கான முற்பணத்தைப் பெற, வாங்குபவர் ஓர் இணைப்பை அனுப்பி, என் அட்டை இலக்கத்தையும் குறுஞ்செய்தியில் வரும் ஓடீபீயையும் கேட்கிறார்.

பணம் பெறுவதற்குக் கணக்கு இலக்கமும் பெயரும் கிளையும் போதும். ஓடீபீ என்பது உங்கள் பணம் வெளியே போவதற்கான அனுமதி.

வாசகர், வத்தளை: வாங்குபவர் தவறுதலாக 4 இலட்சம் ரூபா கூடுதலாகக் காசோலை போட்டுவிட்டாராம். அந்த மிகுதியைக் காரை ஏற்றிச் செல்லும் லொறிக்காரருக்கு அனுப்பச் சொல்கிறார்.

ஒரு சதமும் அனுப்பாதீர்கள். காசோலை திரும்பும்போது, நீங்கள் அனுப்பிய 4 இலட்சம் உங்கள் சொந்தப் பணத்திலிருந்து போனதாகிவிடும்.

வாசகர், தெஹிவளை: நான் ஏமாந்துவிட்டேன். கார் போய்விட்டது, காசோலை திரும்பிவிட்டது. வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.

முதலில் வீட்டில் சொல்லுங்கள். குற்றம் செய்தவர் நீங்கள் அல்ல. அடுத்து, காசோலை திரும்பியமைக்கான வங்கியின் சீட்டு, பதிவுப் புத்தகத்தின் பிரதி, செசி இலக்கம், அழிக்காத வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றோடு இன்றே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டு (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் குற்றமாகும். உரிமை மாற்றம் நடந்துவிடாதபடி, முறைப்பாட்டின் பிரதியை இணைத்து நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

வாசகர், மட்டக்குளி: சந்தை விலையில் பாதிக்குக் கிடைத்த காருக்கு, நேரில் பாராமல் ஒன்றரை இலட்சம் முற்பணம் அனுப்பினேன். இப்போது தொலைபேசியை எடுக்கிறார் இல்லை. ஓபன் பேப்பரில், அதாவது உரிமையை என் பெயருக்கு மாற்றாமல், பதிவு உரிமையாளர் கையெழுத்திட்ட படிவங்களோடு தருவதாகச் சொன்னார்.

பாதி விலை என்றபோதே ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். பொலிஸுக்கும், பணம் அனுப்பிய வங்கிக்கும் உடனே அறிவியுங்கள். திரும்பக் கிடைக்கும் என்று நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. ஓபன் பேப்பரைப் பற்றி உபதேசிக்க எனக்கும் தகுதி குறைவுதான்: அப்படி நான் வாங்கிய ஸ்கூட்டர் ஒன்றின் பதிவு உரிமையாளர் நான் வாங்குமுன்பே இறந்துபோயிருந்தார், அவருடைய கையெழுத்தென்று தந்த படிவம் எதற்கும் உதவவில்லை. ஸ்கூட்டர் இன்றும் எங்கள் வீட்டுக் கோடியில் தறப்பாளின் கீழ் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை அதில் இரண்டு முறை குட்டி போட்டுவிட்டது.

வாசகர், தெமட்டகொடை: முழுத்தொகையையும் காசாகவே தருகிறாராம், இரவு பேலியகொடைப் பாலத்தடிக்குக் காரைக் கொண்டுவரச் சொல்கிறார்.

பகலில், வங்கிக்குள், காசெண்ணும் இயந்திரத்தின் முன்.