ஜி.என். 125, சி.ஜி. 125: சீனாவில் சின்ன பைக் வைத்திருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சீனாவில் படிக்கவும் வேலை பார்க்கவும் வந்திருக்கும் நம்மவர்கள் பழைய பாணி 125 சி.சி. பைக் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் இருப்பது சோங்சிங். ஓட்டுவது சுசூகி ஜி.என். 125. அதன் வேலைகளை நானே செய்துகொள்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த நாட்டில் பைக்கை விட அதன் பேப்பர்தான் பெரிது. இங்கே ஆர்.சி. அட்டையில் வண்டியின் படமும் இருக்கும். எதை மாற்றுவதாக இருந்தாலும் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

பிரபு, சியான்: அண்ணா, பழைய ஜி.என். 125 நல்ல நிலையில் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கலாமா, புது ஹோண்டா சி.ஜி. 125 வாங்கலாமா?

தம்பி, பழைய வண்டி என்றால் முதலில் பார்க்கவேண்டியது கிலோமீட்டர் இல்லை, முதல் பதிவுத் தேதி. 2013 மே 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கழிப்பு (வயதான வண்டியை உடைப்புக்கு அனுப்பும்) விதிப்படி இரு சக்கர மோட்டார் சைக்கிளுக்கு ஆயுள் 13 ஆண்டுகள். மாகாணங்கள் அதை 11 ஆண்டு வரை குறைத்துக்கொள்ளலாம். இன்ஜின் பொன்னாக இருந்தாலும் தேதி முடிந்தால் வண்டி முடிந்தது. 2015ல் பதிவான ஜி.என். என்றால் இன்னும் எத்தனை வருடம் ஓட்டலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் நகரத்தில் இப்போது என்ன விதி என்று போக்குவரத்து போலீஸ் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

அடுத்தது புகை விதி. 2019 ஜூலை 1 முதல் நான்காம் கட்டத் தரத்தில் உள்ள வண்டிக்குத்தான் புதுப் பதிவு. கார்ப்பரேட்டர் ஜி.என். எல்லாம் அதற்கு முந்தைய தரம். அதே நகரத்துக்குள் பெயர் மாற்றுவதில் பெரிய சிக்கல் வராது. வேறு நகரத்துப் பதிவை உங்கள் ஊருக்குக் கொண்டுவருவதைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். ஆகவே சியானில் பதிவான வண்டியாகவே தேடுங்கள்.

வண்டியைப் பொறுத்தவரை, சீனாவில் ஜி.என்.னைச் செய்தவர்களில் ஹாவ்ஜுவே என்ற சீன பைக் நிறுவனமும் ஒன்று. 57 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 48.8 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), மேலே ஒரே கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஐந்து கியர். ஸ்ட்ரோக் குறைவு என்பதால் இன்ஜினை வேகமாகச் சுற்றவிட்டால்தான் இழுக்கும். ஆனால் மிக மென்மையாக ஓடும். சி.ஜி. குடும்பம் 1970களில் ஹோண்டா யோசித்துச் செய்தது. சரியான பராமரிப்பு கிடைக்காத நாடுகளிலும் தாக்குப்பிடிக்கட்டும் என்று மேல் கேமை விட்டுவிட்டு புஷ் ராட் (கீழிருந்து வால்வை இயக்கும் கம்பி) வைத்தார்கள். 2022ல் ஹோண்டாவின் சீனக் கூட்டு நிறுவனமான வூயாங்-ஹோண்டா விட்ட ரெட்ரோ சி.ஜி. 125க்கு கார்ப்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன். வந்தபோது விலை 7,500 யுவானுக்குள். 150 சி.சி. வரை வாகனக் கொள்முதல் வரியும் கிடையாது.

தினமும் வேலைக்குப் போக வேண்டும், கையில் கிரீஸ் படக்கூடாது என்றால் புதுசு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு உட்கார ஆசை இருந்தால் ஜி.என்.தான். என் மனசு ஜி.என். பக்கம்.

மருத்துவ மாணவி, நான்சாங்: அண்ணா, இந்திய லைசென்ஸ் போதுமா? இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வைத்திருக்கிறேன்.

இரண்டும் செல்லாது, தங்கச்சி. இன்டர்நேஷனல் பெர்மிட்டை சீனா ஏற்பதில்லை. உங்களிடம் குடியிருப்பு அனுமதி இருந்து, இந்திய லைசென்ஸில் மோட்டார் சைக்கிள் வகுப்பும் இருந்தால், மொழிபெயர்ப்பும் மருத்துவச் சான்றும் கொடுத்து தியரி தேர்வு எழுதி சீன லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாம். 100க்கு 90 எடுக்கவேண்டும். பெரிய நகரங்களில் ஆங்கிலத்திலும் எழுதலாம். இரு சக்கர மோட்டார் சைக்கிளுக்கு 'ஈ' வகுப்பு. 50 சி.சி. மொபெட்டுக்கு 'எஃப்'. கார் லைசென்ஸை மட்டும் மாற்றிக்கொண்டு பைக் ஓட்டினால் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்கு: 200 முதல் 2,000 யுவான் வரை அபராதம், கூடவே 15 நாள் வரை காவலிலும் வைக்கலாம். படிப்புக்காக வந்த இடத்தில் அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம்.

அருள், குவாங்சோ: இங்கே பைக் ஓட்டவே முடியாதா?

நகர்ப்பகுதியில் முடியாது. 2007 ஜனவரி 1 முதல் தடை. ஷாங்காயில் நகருக்குள் ஓட்ட அனுமதிக்கும் மஞ்சள் நம்பர் பிளேட் பல லட்சம் யுவானுக்குக் கைமாறுகிறது. அங்கே மலிவாகக் கிடைக்கும் 'சி' வரிசை பிளேட்டை வைத்து வெளி வட்டச் சாலைக்கு உள்ளே வரக்கூடாது. பெய்ஜிங்கில் 'பி' வரிசை நான்காம் வட்டச் சாலைக்குள் வரக்கூடாது. சியான் மட்டும் 2017ல் தடையைத் தளர்த்தியது. சோங்சிங் வேறு ரகம். மேடும் பள்ளமுமான ஊர், பைக் ஆலைகளின் ஊர், இங்கே வண்டிகள் தாராளமாக ஓடுகின்றன.

விக்னேஷ், செங்டு: அண்ணா, என் ஜி.என்.னை கஃபே ரேசராக (பழைய பந்தய பாணி வண்டியாக) மாற்ற ஆசை. தாழ்ந்த ஹேண்டில்பார், ஒற்றைச் சீட், பின் ஃபிரேமை வெட்டுவது, கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், குட்டை சைலன்சர் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். டாவோபா இணையக் கடையில் எல்லாம் கிடைக்கிறது.

கடையில் கிடைக்கிறது என்பதால் சாலையில் செல்லும் என்று ஆகிவிடாது. பதிவான வண்டியின் அமைப்பையோ தோற்றத்தையோ அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது என்று சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. பிடித்தால் பழையபடி ஆக்கச் சொல்வார்கள், 500 யுவான் வரை அபராதம் போடலாம். பணம் பெரிதில்லை. பழையபடி ஆக்கவேண்டும் என்பதுதான் பெரிது. வெட்டிய ஃபிரேமை எப்படிப் பழையபடி ஆக்குவீர்கள்? அதனால் வெட்டுவதும் வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது.

குட்டை சைலன்சரையும் விட்டுவிடுங்கள். 2022 ஜூன் 5 முதல் நடப்பில் இருக்கும் இரைச்சல் தடுப்புச் சட்டம் சைலன்சரைக் கழற்றிவிட்டோ மாற்றிப் போட்டோ உறுமிக்கொண்டு போவதை நேரடியாகவே தடுக்கிறது. பல நகரங்களில் இதற்கென்றே இரவுச் சோதனை நடக்கிறது. சட்டத்தை விடுங்கள், பத்தாவது மாடியில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கும் வீட்டையும் நினைத்துப் பாருங்கள்.

ஹேண்டில்பாரைத் தாழ்த்தினால் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஜி.என்.னின் கேபிள்கள் உயரமான ஹேண்டிலுக்கு அளவெடுத்தவை. தாழ்த்தியதும் அவை நீளமாகி, டேங்குக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே வளைந்து மாட்டிக்கொள்ளும். மாற்றியதும் வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். ஏதாவது ஒரு பக்கம் இன்ஜின் வேகம் தானாக ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிளை அந்தத் திருப்பம் இழுக்கிறது என்று அர்த்தம். அப்படியே சாலைக்குப் போனால் யு திருப்பத்தில் வண்டி பாயும். இந்தச் சோதனை முடியாமல் ஒரு அடி நகர்த்தாதீர்கள்.

அப்படியானால் என்னதான் செய்யலாம் என்பீர்கள். பழைய சீட்டின் அடித்தகட்டை வைத்துக்கொண்டே மேலே தையல்காரரிடம் பழுப்பு ரெக்சின் தைத்துப் போடுங்கள். டேங்கின் இரு பக்கமும் முட்டி ரப்பர், நல்ல கிரிப், வட்டக் கண்ணாடி (இரண்டும் கட்டாயம் இருக்கவேண்டும்), பழைய பாணிப் பூ வைத்த டயர். இவ்வளவிலேயே ஆள் மாறிவிடும். டேங்கின் நிறத்தை மாற்றலாம். ஆனால் மாற்றிய 10 நாளுக்குள் போய்ப் பதிவில் நிறத்தையும் மாற்றவேண்டும். என் விதி ஒன்றுதான்: ஒரு சாயங்காலத்துக்குள் திரும்பப் பழையபடி மாட்ட முடியாத எதையும் செய்வதில்லை. கழற்றிய ஒரிஜினல் பாகங்களை எண்ணெய் தடவிச் சுற்றி வைத்துவிடுவேன். வண்டி ஆறாவது ஆண்டிலும் பத்தாவது ஆண்டிலும் சோதனை நிலையத்துக்குப் போகவேண்டும், அதற்குப் பிறகு வருடாவருடம். அங்கே படத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள்.

விக்னேஷ் மறுபடியும்: சரி அண்ணா, கூம்பு ஃபில்டர் ஏற்கெனவே போட்டுவிட்டேன். பாதி ஆக்சிலரேட்டரில் வண்டி விக்குகிறது, கைவிட்டால் பட் பட் என்று வெடிக்கிறது.

காற்று கூடிவிட்டது, அதற்கேற்ற பெட்ரோல் வரவில்லை. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனிப் பீங்கான் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கவேண்டும். வெள்ளை வெளேர் என்று இருந்தால் நான் சொன்னதுதான், பிஸ்டனும் சூடாகிக்கொண்டிருக்கிறது. கார்ப்பரேட்டர் ஊசியில் கிளிப் படிகள் இருந்தால் கிளிப்பை ஒரு படி கீழே இறக்க, ஊசி மேலேறி பெட்ரோல் கூடும், மெயின் ஜெட்டையும் (பெட்ரோல் வரும் துளை) ஓர் அளவு பெரிதாக்கவேண்டியிருக்கும் என்பார்கள். அது நடக்கிற காரியம்தான். ஆனால் மழையும் தூசியும் நேராக உள்ளே போகும் ஃபில்டருக்காக இவ்வளவு பாடு எதற்கு? பழைய ஏர் பாக்ஸை மாட்டி, புது ஃபில்டர் போடுங்கள். 125 சி.சி.யில் கூம்பு ஃபில்டரால் கிடைப்பது சத்தம் மட்டுமே.

ரமேஷ், வூஹான்: இன்ஜினின் தலைப்பக்கம் டிக் டிக் என்று சத்தம். மெக்கானிக் டேப்பெட்டை (வால்வு இடைவெளித் திருகை) இறுக்கிச் சத்தமே இல்லாமல் ஆக்கித் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம் ரமேஷ். இந்த இன்ஜின்களில் லேசான டேப்பெட் சத்தம் ஆரோக்கியம். சத்தமே வராத அளவுக்கு இறுக்கினால், சூடேறியதும் வால்வு முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கிவைக்கும் இடமே, மூடும்போது தன் சீட்டில் (வால்வு உட்காரும் வளையத்தில்) போய் அழுந்தும் அந்தக் கணம்தான். அது கிடைக்காவிட்டால் விளிம்பு கருகும், கம்ப்ரஷன் போகும்.

நீங்களே செய்துகொள்ளலாம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கவேண்டும், இரவு நிறுத்தியதைக் காலையில் திறப்பதுதான் நல்லது. பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுற்ற இலகுவாக இருக்கும். இடப்பக்க மூடியைத் திறந்து ஸ்பேனரால் கிராங்கைச் சுற்றி, உள்ளே சுழலும் சக்கரத்தில் உள்ள 'டி' கோட்டைக் குறிக்கு நேரே கொண்டுவாருங்கள். அந்த நிலையில் இரண்டு ராக்கரும் (வால்வை அழுத்தும் கைகள்) விரலுக்குத் துளி ஆடவேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. ஜி.என்.னுக்கு இடைவெளி 0.08 முதல் 0.13 மி.மீ., பழைய சி.ஜி.க்கு 0.08. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்து இழுக்கும்போது லேசான பிடிப்பு தெரியவேண்டும். பிறகு திருகைப் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது அளவு நகரும், அதனால் கேஜை மறுபடியும் விட்டுப் பார்க்கவேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

சுகன்யா, சியான்: பங்க்கில் பைக்குக்கு நேராகப் பெட்ரோல் போட மாட்டேன் என்கிறார்களே?

பல இடங்களில் அப்படித்தான், சகோதரி. பைக்கைத் தள்ளி நிறுத்தச் சொல்லி, கெண்டி மாதிரி ஒரு உலோகப் பாத்திரத்தில் பிடித்துக் கொடுப்பார்கள். நாம் தூக்கிப்போய் ஊற்றிக்கொள்ளவேண்டும். சூடான இன்ஜின் மேல் சிந்திவிடுமோ என்ற பயம்தான் காரணம். பாத்திரத்தின் அடியில் தண்ணீரோ தூசியோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். 92 ரகம் போதும், 95க்குக் காசை விடவேண்டாம்.

தயாளன், யாழ்ப்பாணம்: அண்ணை, இஞ்சையும் ஜி.என். கனக்க ஓடுது. சீனாவில இருந்து சாமான் எடுப்பிச்சால் பொருந்துமோ?

பொருந்தும், தயாளன். ஹாவ்ஜுவேயின் எச்.ஜே. 125-8 ஜி.என்.னின் குடும்பம்தான். என்றாலும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கழற்றிய பாகத்தை அளந்து அந்த அளவைக் கேட்டு வாங்குங்கள். செயின் 428, டயர் முன்னே 2.75-18, பின்னே 3.50-16. கிளட்ச் தட்டும் பிஸ்டன் ரிங்கும் ஆலைப் பொதியிலேயே எடுங்கள். மட்கார்டு, இண்டிகேட்டர் போன்றவை எந்தக் கடையில் எடுத்தாலும் சரி.

முரளி, சோங்சிங்: இன்சூரன்ஸ் எவ்வளவு ஆகும்? மனைவியையும் எட்டு வயது மகனையும் ஏற்றிக்கொண்டு போகலாமா?

கட்டாய இன்சூரன்ஸ் 50 முதல் 250 சி.சி. வரை வருடத்துக்கு 120 யுவான். அது எதிராளிக்கானது, மொத்த வரம்பு 2 லட்சம் யுவான். உங்கள் எலும்பு முறிந்தால் அதிலிருந்து ஒரு காசு வராது. தனியாக விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மகனை ஏற்றக்கூடாது. 12 வயது நிறையாத பிள்ளையை மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்காரவைப்பதை விதி தடுக்கிறது. மனைவியை ஏற்றலாம், அவருக்கும் ஹெல்மெட் வேண்டும். ஜி.பி. 811-2022 என்ற தரக் குறியீடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நம் ஊர் மேட்டில் இருவர் ஏறினால் ஜி.என். திணறும். பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூடுதலாகப் போட்டால் இரண்டாவது கியரிலேயே ஏறிவிடும். நேர் ரோட்டில் கொஞ்சம் வேகம் குறையும், சோங்சிங்கில் நேர் ரோட்டுக்கு எங்கே போவது!

பெயர் சொல்ல விரும்பாதவர்: 13 ஆண்டு முடிந்துவிட்டது. வண்டி நன்றாக ஓடுகிறது. பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள் ஐயா. கழிப்புத் தேதி தாண்டிய வண்டியைச் சாலையில் ஓட்டினால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள், 200 முதல் 2,000 யுவான் அபராதம், லைசென்ஸும் ரத்து. ஆசையாக வளர்த்த வண்டியைக் கொடுக்க மனம் வராது, எனக்குப் புரிகிறது. ஆனாலும் அங்கீகாரம் பெற்ற கழிப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கி, பதிவை நீக்கிவிடுங்கள். பதிவை நீக்காமல் விட்டால், அடுத்து ஒரு வண்டி உங்கள் பெயரில் வாங்கப் போகும்போது இந்தச் சிக்கல் வந்து நிற்கும். போவதற்கு முன் நீங்கள் மாட்டிய சீட், கிரிப், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு ஒரிஜினல் பாகங்களை மாட்டிக் கொடுங்கள். கழற்றியவை அடுத்த ஜி.என்.னுக்கு அப்படியே பொருந்தும்.