முதல் நிரல் சரிபார்ப்பதற்கு

அன்புள்ள ஐயா,

கட்டட வரைபடங்கள் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளில் வேலை செய்யும் வரைவாளராக இருக்கிறேன். வரைவு மென்பொருளை நம் வேலைக்கேற்ப மாற்றிக்கொள்வது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின், இணையத்தில் கிடைக்கும், அந்த மென்பொருளுக்குள் இயங்கும் லிஸ்ப் நிரல்களைத் தேடித் தேடிச் சேர்த்தேன். ஒரு கோப்புறை நிறைய இருக்கின்றன. ஆனால் வேலை வேகமானதாகத் தெரியவில்லை. எந்த நிரல் எதற்கு என்பதே மறந்துவிடுகிறது. எங்கள் மூத்த வரைவாளரோ, "கை வரைந்தால்தான் கண் பார்க்கும். எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விட்டால் தப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது" என்கிறார். எனக்கு நிரல் எழுதிப் பழக்கமில்லை. அலுவலகத்தில் இருப்பது எல்டி என்ற, வசதிகள் குறைந்த பதிப்பு. இந்த நிரல்களை எழுதும் ஆட்டோலிஸ்ப் மொழியை நான் கற்க வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

– ம.

அன்புள்ள ம.,

எல்டி பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2024 பதிப்பிலிருந்து எல்டியிலும் ஆட்டோலிஸ்ப் இயங்குகிறது. உங்களிடம் இருப்பது அதற்கு முந்தையது என்றால் இயங்காது. அப்போதும் கீழே நான் சொல்வதில் பாதியை நிரல் இல்லாமலே செய்யலாம். கற்க வேண்டுமா என்றால், கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். 1958-ல் ஜான் மெக்கார்த்தி வடிவமைத்த லிஸ்ப் மொழியின் ஒரு கிளை அது. ஆட்டோகேடுக்குள் 1986-ல் வந்தது, இன்றுவரை நிலைத்திருக்கிறது. பிரிக்ஸ்கேட் போன்ற வேறு வரைவு மென்பொருள்களும் அதைப் புரிந்துகொள்கின்றன. நாளை நீங்கள் அலுவலகம் மாறினாலும் இந்தப் படிப்பு வீணாகாது.

ஆனால் அந்தக் கோப்புறையை இப்போதைக்கு மூடி வையுங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு நிரலும் வேறு யாரோ ஒருவரின் எரிச்சலைத் தீர்க்க எழுதப்பட்டது. அவருடைய லேயர் (வரைபடத்தின் பொருள்களை வகைபிரித்து வைக்கும் அடுக்கு) பெயர்கள், அவருடைய அளவு அலகு, அவருடைய எழுத்து உயரம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. உங்கள் கை எந்த இடத்தில் சலிக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. இன்னொரு காரணம் பாதுகாப்பு. ஒவ்வொரு வரைபடத்தையும் திறக்கும்போது 'ஏகேட்டாக்' என்ற பெயருள்ள லிஸ்ப் கோப்பு இருக்கிறதா என்று தேடி, இருந்தால் இயக்கிவிடுவது ஆட்டோகேடின் வழக்கம். நாம் விரும்பும் அமைப்புகளைத் தானாக ஏற்றிக்கொள்ள அது அருமையான வசதி. அதே வழியாகத்தான் ஆட்டோகேடுக்கென்றே எழுதப்பட்ட தீநிரல்களும் பரவின. இதனால்தான் 2014 பதிப்பில் 'செக்யூர்லோட்' என்ற அமைப்பு வந்தது. நம்பகமானவை என்று நாம் குறித்துவைத்த கோப்புறைகளுக்கு வெளியே இருக்கும் நிரலை இயக்கும் முன் அது கேட்கும். அடிக்கடி கேட்கிறதே என்று அதை அணைத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் மூத்தவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கையால் வரைபவரின் தவறுகள் சிதறிக் கிடக்கும்: ஒரு தாளில் ஒரு கதவு தப்பாக இருக்கும், பக்கத்துக் கதவு சரியாக இருக்கும். அந்த முரண்பாடே பார்ப்பவர் கண்ணில் உறுத்திக் காட்டிக்கொடுக்கும். நிரல் செய்யும் தவறு அப்படியல்ல. எல்லாத் தாளிலும் எல்லாக் கதவிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரே மாதிரி இருப்பதைக் கண் சரி என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே அவருடைய அச்சத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: நீங்கள் எழுதும் முதல் நிரல் வரைவதற்காக இருக்க வேண்டாம், சரிபார்ப்பதற்காக இருக்கட்டும். பலரும் சுவர் வரையும் நிரல், படிக்கட்டு வரையும் நிரல் என்று தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சரிபார்க்கும் நிரல் வரைபடத்தில் எதையும் மாற்றாது. ஆகவே புதிதாகக் கற்பவரால் அதைக் கொண்டு எதையும் கெடுக்க முடியாது. அளவிலும் சிறியது. கண் களைத்துப்போன மாலை வேளையிலும் அது எதையும் தவறவிடாது.

ஓர் உதாரணத்தைக் கிட்டே இருந்து பார்ப்போம். அவசரத்தில் யாரோ ஒருவர் அளவுக்கோட்டின் மேல் இரண்டு முறை சொடுக்கி, உண்மை அளவுக்குப் பதிலாக 3000 என்று கையால் தட்டிவிடுகிறார். கோட்டின் உண்மை நீளம் 2850. அந்த நொடியிலிருந்து அந்த எண்ணுக்கும் கோட்டுக்கும் உறவு அறுந்துவிட்டது. சுவரை நகர்த்தினாலும் 3000 என்றே நிற்கும். தாளில் பார்த்தால் மற்ற அளவுகளுக்கும் இதற்கும் எந்த வேறுபாடும் தெரியாது. கட்டுமான இடத்தில் சுவர் எழுந்த பிறகே தெரியவரும்.

மென்பொருளுக்கோ இது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு அளவுப் பொருளின் தரவிலும் குழு எண் 1 என்ற இடத்தில், கையால் எழுதிய சொல் இருந்தால் அது பதிவாகியிருக்கும். இல்லாவிட்டால் அந்த இடம் காலி. ஆட்டோலிஸ்பில் 'எஸ்எஸ்கெட்' என்ற செயற்கூறு பொருள்களை வடிகட்டித் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். அதனிடம் இரண்டு நிபந்தனைகள் சொன்னால் போதும்: பொருள் வகை அளவாக இருக்க வேண்டும், குழு எண் 1 காலியாக இருக்கக் கூடாது. மூன்றாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் கோண அடைப்புக்குறி இரண்டும் சேர்ந்தாற்போல் இருந்தால், அது உண்மை அளவையே காட்டி அதன் பக்கத்தில் ஏதோ குறிப்பு எழுதியிருக்கிறார்கள் என்று பொருள், அவற்றை விட்டுவிடலாம். மிஞ்சியவற்றை 'எஸ்எஸ்செட்ஃபர்ஸ்ட்' செயற்கூறு திரையில் தேர்வு நிலையில் காட்டிவிடும். செயற்கூற்றின் பெயருக்கு முன்னால் சி என்ற ஆங்கில எழுத்தும் முக்காற்புள்ளியும் இட்டால், அது மற்றக் கட்டளைகளைப் போல நீங்கள் தட்டிக் கூப்பிடும் கட்டளையாகிவிடும். மொத்தம் நான்கைந்து வரிகள். வரைபடம் வெளியே போகும் முன் ஒரு முறை இயக்கினால், பொய் சொல்லும் அளவுகள் அத்தனையும் வந்து நிற்கும்.

இதே வடிகட்டியைக் கொண்டு எல்லா வரைபடத்திலும் முதலிலேயே இருக்கும் பூஜ்ய லேயரில், பிரித்து வைக்காமல் தங்கிப்போன பொருள்களைப் பிடிக்கலாம். அறையின் எல்லையாக வரைந்த பாலிலைன் (பல துண்டுகள் சேர்ந்த ஒரே கோடு) மூடாமல் விடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

இதையெல்லாம் செய்ய வரைபடம் ஒழுங்காக இருக்க வேண்டும், அதுதான் அடிப்படை. சுவர் சில வரைபடங்களில் ஒரு லேயரிலும் சிலவற்றில் வேறு பெயருள்ள லேயரிலும் இருந்தால் எந்த நிரலும் உதவாது. கதவைச் சிலர் பிளாக்காகவும் (ஒரே பொருளாகத் தொகுத்த வடிவம்) சிலர் தனித்தனிக் கோடுகளாகவும் போட்டால் கதவுகளை எண்ண இயந்திரத்துக்கு வழியே இல்லை. நல்ல டெம்ப்ளேட் (புது வரைபடம் தொடங்குவதற்கான மாதிரிக் கோப்பு) ஒன்று செய்யுங்கள். லேயர்கள், எழுத்து வகை, அளவு வகை, அச்சிடும் அமைப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். அலுவலகம் முழுவதும் அதிலிருந்தே தொடங்கட்டும். ஒரு நிரலும் எழுதாமல் நீங்கள் சேமிக்கும் நேரத்தில் பெரும்பங்கு இதில்தான் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

மென்பொருளிலேயே இருப்பவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கதவின் அகலத்தை இழுத்து மாற்றும் டைனமிக் பிளாக் 2006 பதிப்பிலேயே வந்துவிட்டது. அறையின் பரப்பளவைக் கணக்கிட்டு எழுதவே வேண்டாம். எழுத்துக்குள் ஃபீல்டு (தானாக மாறும் மதிப்பு) ஒன்று வைத்து அதை அறையின் பாலிலைனோடு இணைத்தால், எல்லை மாறியபின் வரைபடத்தை ரீஜென் செய்யும்போது (திரையில் மறுபடி உருவாக்கும்போது) எண்ணும் மாறிவிடும். கட்டளைச் சுருக்கங்களை உங்கள் கைக்கேற்ப மாற்றுங்கள். வலது கையில் மவுஸ் பிடிப்பவர் என்றால், நீங்கள் அதிகம் பயன்படுத்தும் கட்டளைகள் எல்லாம் விசைப்பலகையின் இடது பக்கம் வர வேண்டும். நகர்த்துவதற்கு உரிய எம் விசை வலது பக்கம் இருப்பதால், இடது கை ஒவ்வொரு முறையும் பலகையைத் தாண்டிப் போய்வருகிறது. சுருக்கங்கள் இருக்கும் கோப்பு பிஜிபி என்ற பின்னொட்டு கொண்டது. சாதாரண உரைக் கோப்புதான். திறந்து ஒரு வரி மாற்றினால் போதும்.

இவற்றுக்குப் பிறகு வரையும் நிரல்களுக்கு வாருங்கள். அங்கே ஒரு பொறி காத்திருக்கிறது, முன்பே சொல்லி வைக்கிறேன். நிரல் ஒரு புள்ளியின் ஆயத்தொலைவைத் துல்லியமாகக் கணக்கிட்டு, கோடு வரையும் கட்டளைக்குக் கொடுக்கிறது. ஆனால் மவுஸ் புள்ளியைப் பக்கத்து முனையில் பொருத்தும் ஆப்ஜெக்ட் ஸ்நாப் இயங்கிக்கொண்டிருந்தால், அது அந்தப் புள்ளியையும் மவுஸால் தொட்ட புள்ளியாகவே எண்ணிப் பக்கத்தில் இருக்கும் வேறொரு முனைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். பக்கத்தில் என்பது திரையில் தெரியும் தூரம். ஆகவே நெருக்கிப் பார்க்கும்போது சரியாக வரையும் நிரல், விலக்கிப் பார்க்கும்போது தப்பாக வரையும். புதியவர்கள் நிரலில் கணக்குப் பிழை என்று நினைத்துத் தேடித் தேடி ஓய்ந்துபோவது இங்கேதான். வரையத் தொடங்கும் முன் ஸ்நாப் அமைப்பை வைத்திருக்கும் 'ஆஸ்மோடு' என்ற மாறியின் மதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பூஜ்யமாக்கி, முடிந்ததும் பழைய மதிப்பைத் திருப்பிக் கொடுங்கள். நடுவில் பயனர் எஸ்கேப் விசையை அழுத்தினாலும் அது திரும்பக் கிடைக்கும்படி பிழை கையாளும் பகுதி ஒன்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அலுவலகத்தில் எல்லோரும் "என் ஸ்நாப் போய்விட்டது" என்று உங்களைத் தேடி வருவார்கள். இரண்டாவது முறை உங்கள் நிரலைத் தொட மாட்டார்கள்.

அளவுகளைச் சரிபார்க்கும் அந்தச் சிறு கட்டளை தயாரானதும் உங்கள் மூத்தவரின் வரைபடம் ஒன்றில் வேண்டாம், உங்களுடையது ஒன்றிலேயே அவர் பார்க்க இயக்குங்கள். அதன்பின், ஒரு தாளைக் கையில் எடுத்ததும் அவருடைய கண் முதலில் எங்கெங்கே போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாளின் எண்ணும் டைட்டில் பிளாக்கில் (தாளின் விவரக் கட்டத்தில்) இருக்கும் எண்ணும் ஒன்றா, வெட்டுத்தோற்றக் குறியில் சுட்டிய தாள் உண்மையில் இருக்கிறதா, தரைமட்டக் குறிகள் எல்லாத் தாளிலும் ஒத்துப்போகின்றனவா என்றெல்லாம் சொல்வார். உங்கள் அடுத்தடுத்த நிரல்களுக்கான பட்டியல் அதுதான். இவற்றில் வெட்டுத்தோற்றக் குறியைச் சரிபார்ப்பது கொஞ்சம் கடினம். பல கோப்புகளில் இருக்கும் ஆட்ரிபியூட்டுகளை (பிளாக்கோடு இணைந்த எழுத்து விவரங்களை) ஒப்பிட வேண்டியிருக்கும். அதைத் தொடும்போது உங்கள் நிரலோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.