தினமும் துடைப்பதை நிறுத்துங்கள்: கார் பெயின்ட் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் வெயில், காக்கா, போர் தண்ணீர் என்று ஆளுக்கொரு எதிரியைக் கைகாட்டியிருக்கிறீர்கள். ஆனால் கூடவே வந்த படங்களைப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் பெயின்டைக் கெடுத்தது கையும் துணியும்தான். அதனால் அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கறுப்பு கார், வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள். தினமும் காலையில் துடைத்துச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம். பெயின்டிலேயே குறையா? (மதுரை)

பெயின்டில் குறை இல்லை. "தினமும் துடைத்து" என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அதுதான்.

அப்பார்ட்மென்ட் வழக்கம் நம் எல்லோருக்கும் தெரியும். மாதச் சம்பளத்துக்கு ஒருவர் வருவார். கையில் ஒரு வாளி தண்ணீர், ஒரு மஞ்சள் துணி. அதே தண்ணீரில் பத்து கார். மூன்றாவது காருக்கு வரும்போதே வாளி அடியில் மணல் படிந்துவிடும். அந்தத் துணியை முக்கிப் பிழிந்து பானெட்டில் இழுத்தால் அதற்குப் பெயர் துடைப்பது இல்லை, உப்புத்தாள் போடுவது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழு மணிக்குள் பத்து வண்டி முடிக்க வேண்டிய மனிதர் வேறென்ன செய்வார்?

கோடுகள் வட்டமாகத் தெரிவது ஒரு கண்கட்டு. உண்மையில் அவை எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் ஓடுகின்றன. வெளிச்சம் விழும் புள்ளியைச் சுற்றி, அதற்குக் குறுக்கே அமைந்த கீறல்கள் மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தோன்றுகிறது. டார்ச்சை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும்.

இங்கே ஒரு கணக்கு. கம்பெனியிலிருந்து வரும் காரில் பிரைமர், நிறம், மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சு என எல்லாம் சேர்த்தே சுமார் 100 முதல் 140 மைக்ரான். ஒரு ஏ4 தாளின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான், அதாவது அரைத் தாள். வண்டியின் ஆயுள் முழுக்க உங்களுக்குக் கிடைத்திருப்பது அவ்வளவுதான். கோடுகளை எடுக்க ஒரு முறை மெஷின் பாலிஷ் போட்டால் அதில் இரண்டு மூன்று மைக்ரான் போய்விடும். போனது திரும்பி வராது.

ஆகவே இப்போதே பாலிஷுக்கு ஓடாதீர்கள். முதலில் வழக்கத்தை மாற்றுங்கள். வருகிறவரிடம் கண்ணாடியை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள், சம்பளத்தைக் குறைக்க வேண்டாம். தூசி இருந்துவிட்டுப் போகட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் தூசி பெயின்டை ஒன்றும் செய்யாது, அதைத் தேய்க்கும்போதுதான் கீறும். வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை நிழலில் நிறுத்தி, தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிட்டு, கார் ஷாம்பு போட்டு மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். வாளி இரண்டு வேண்டும்: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் கழுவும் கையுறையை அலச வெறும் தண்ணீர். துடைக்கும்போது தேய்க்காமல், பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுங்கள்.

பைப் வசதி இல்லை, லாரித் தண்ணீர்தான் என்பவர்களுக்கு ரின்ஸ்லெஸ் வாஷ் என்று, கழுவிய பிறகு அலசத் தேவையில்லாத திரவம் இருக்கிறது. எட்டுப் பத்து லிட்டர் தண்ணீரில் கலந்து, அதிலேயே ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணிகளை ஊறப் போடுங்கள். ஒரு பேனலுக்கு ஒரு துணி, எடுத்ததைத் திரும்ப வாளிக்குள் போடக் கூடாது. சேறு அப்பிய வண்டிக்கு இது சரிவராது, தூசிக்குப் போதும். இரண்டு மாதம் இப்படி ஓட்டிவிட்டு, அப்புறம் பாலிஷ் பற்றி யோசிக்கலாம்.

பேஸ்மென்ட் பார்க்கிங்கில் மேலே கூரையிலிருந்து சொட்டிச் சொட்டிக் காரில் வெள்ளையாகத் திட்டு. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. (சென்னை, பெரும்பாக்கம்)

சுரண்டாதீர்கள், தயவுசெய்து. கான்கிரீட்டுக்குள் கசியும் தண்ணீர் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. காரில் விழுந்து காய்ந்ததும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கல்லாகிவிடுகிறது. சுண்ணாம்புக் குகைகளில் கூரையிலிருந்து கல் விழுது தொங்குவதும் ஏறக்குறைய இதே சங்கதிதான். உங்கள் பானெட்டில் ஒரு குட்டிக் குகை உருவாகிக்கொண்டிருக்கிறது.

சமையலறை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, அதில் நனைத்த டிஷ்யூவைத் திட்டின் மேல் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். நுரைத்தால் கரைகிறது என்று அர்த்தம். நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் திரும்பவும் செய்யுங்கள், நான்கைந்து முறைகூட ஆகலாம். வெயிலிலோ சூடான பானெட்டிலோ செய்யக் கூடாது. சுண்ணாம்பு போன பிறகும் அடியில் மங்கலான தடம் தெரிந்தால், காரத்தன்மை கிளியர் கோட்டை அரித்துவிட்டது என்று பொருள். அதற்குப் பாலிஷ்தான் வழி. சங்கத்தில் சொல்லிக் கூரைக் கசிவை அடைக்கும்வரை அந்த இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

போர் தண்ணீர் காய்ந்து பொட்டுப் பொட்டாக நிற்கிறதே என்று கேட்ட மூன்று பேருக்கும் இதுவே பதில். புதுப் பொட்டுக்கு வினிகர் கேட்கும். மாதக்கணக்கில் வெயிலில் வெந்த பொட்டுக்குக் கேட்காது.

டெஃப்லான், செராமிக், பிபிஎஃப்: ஷோரூமில் மூன்றையும் சொல்கிறார்கள். எது போடலாம்? செராமிக் 9எச் என்றால் கீறலே விழாதாமே? (கோவை)

டெஃப்லானை முதலிலேயே தள்ளிவிடலாம். தோசைக்கல்லில் அது ஒட்டி நிற்பது, தொழிற்சாலையில் 300 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் படிய வைப்பதால். உங்கள் காரை அந்தச் சூட்டில் வைத்தால் கார் மிஞ்சாது. "டெஃப்லான் கோட்டிங்" என்ற பெயரில் பூசுவது பெரும்பாலும் ஒரு வாக்ஸ் அல்லது சீலன்ட், சில மாதம் பளபளக்கும். அதை வாக்ஸ் விலைக்குக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

செராமிக் என்பது திரவமாகத் தடவி இறுக விடும் மெல்லிய பூச்சு. அதன் கடினத்தைச் சொல்லும் 9எச் என்பது பென்சில் கணக்கு. 9பி-யிலிருந்து 9எச் வரை பென்சில்களை வரிசையாகப் பூச்சின் மேல் அழுத்தி இழுத்துப் பார்க்கிறார்கள். மிகக் கடினமான 9எச் பென்சிலும் கீறவில்லை என்றால் 9எச். பென்சிலுக்குத் தாங்கும், சரி. தெரு மணலில் இருப்பது குவார்ட்ஸ், அது பென்சிலைவிடப் பல மடங்கு கடினம். ஆகவே மஞ்சள் துணிக்காரர் வந்தால் செராமிக்கும் கீறும். அதன் கனமே ஒன்றிரண்டு மைக்ரான்தான், சாவிக் கீறலையும் கல் தெறிப்பதையும் அது தடுக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். செராமிக் நிஜமாகத் தருவது வேறு: தண்ணீரும் அழுக்கும் எளிதில் ஒட்டாது, கழுவுவது பாதி வேலையாகிவிடும், எச்சமும் பூச்சியும் பெயின்டில் ஊறுவதற்குள் எடுத்துவிடக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். எனக்கு அதுவே போதும், என் வண்டியில் போட்டிருக்கிறேன்.

கல் தெறிப்பதற்கு மருந்து பிபிஎஃப், அதாவது பெயின்டைக் காக்க ஒட்டும் படலம் மட்டுமே. அது 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள டிபியூ என்ற பிளாஸ்டிக் படலம், பெயின்டைவிடவே கனமானது. நல்ல படலத்தில் விழும் மெல்லிய கோடுகள் வெயில் சூட்டில் தாமே ஆறிவிடும், நம் ஊரில் அதற்கு ஹீட் கன்னே தேவைப்படாது. விலைதான் அதிகம். ஹைவேயில் நிறைய ஓடும் வண்டி என்றால் முன் பம்பர், பானெட், கண்ணாடி மூடி, கதவுக் கைப்பிடிக் குழி ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டிவிட்டு, மீதிக்குச் செராமிக் போடுங்கள். டிங்கரிங் பார்த்துப் புதிதாகப் பெயின்ட் அடித்த பேனல் என்றால் இரண்டுக்குமே பொறுத்திருங்கள். பெயின்ட் முழுதாக இறுக 30 முதல் 90 நாள் கொடுக்கச் சொல்வது வழக்கம். அவசரப்பட்டு ஒட்டிய படலத்தை நாளை உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரும்.

வெள்ளைக் கார். கழுவினாலும் போகாத ஆரஞ்சு நிறப் பொடிப் புள்ளிகள். துரு பிடித்துவிட்டதா? (அரக்கோணம்)

ஊர் பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். வண்டியைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில்தானே நிறுத்துகிறீர்கள்? சக்கரமும் பிரேக்கும் உரசிப் பறக்கும் இரும்புத் தூள் பெயின்டில் குத்தி உட்கார்ந்து, அந்தத் தூள்தான் துருப்பிடிக்கிறது. உங்கள் காரின் தகடு இல்லை. அயர்ன் ரிமூவர் என்று கேட்டு வாங்கி, நிழலில் தெளியுங்கள். சில நிமிடத்தில் புள்ளிகள் ஊதா நிறமாக வழியும், முட்டை அழுகிய மாதிரி நாறவும் செய்யும். இரண்டும் சரியான அறிகுறிகள். காய விடாமல் கழுவிவிடுங்கள். மிஞ்சியதை, கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியால் ஷாம்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே எடுக்கலாம்.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கறையாகிவிட்டது. (ஈரோடு)

கடைக் குங்குமத்தில் சாயம் கலந்திருந்தால் கறை கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். காய்ந்ததை வெறும் துணியால் தட்டாமல், நனைத்து ஊறவைத்து ஷாம்பு போட்டு எடுங்கள். மஞ்சள் கறை மிச்சமிருந்தால் கவலை வேண்டாம், மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளிறும். என்னைக் கேட்டால் கறையைவிட மாலை ஆபத்து. கம்பியில் கட்டிய மாலை வண்டி ஓடும்போது ஆடி ஆடி கிரில் பக்கம் போடும் கோட்டை நிறையப் பார்த்திருக்கிறேன். நாரில் கட்டிய மாலையாக வாங்குங்கள். பொட்டைக் கண்ணாடியில் வைத்தாலும் சாமி ஏற்றுக்கொள்ளும்.

காக்கா எச்சம்? (பல ஊர்கள்)

உடனே எடுக்க வேண்டும், ஆனால் துடைக்கக் கூடாது. வண்டியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூவும் எப்போதும் இருக்கட்டும். நனைத்த டிஷ்யூவை மேலே போட்டுப் பத்து நிமிடம் விட்டு, அப்படியே அள்ளி எடுங்கள். கோடை மதியத்தில் கிளியர் கோட் சூட்டில் இளகியிருக்கும்போது எச்சம் அதன் மேல் காய்ந்து இறுகுவதால்தான் அந்த அச்சு விழுகிறது. ஒரு நாள் பொறுத்தாலே தடம் நின்றுவிடும். மழைக்காலத்து ஈசலுக்கும் இதே வைத்தியம்.

தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பெயின்ட் வெளிறி, தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டுகிறது. ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்துவிடலாம் என்கிறார் பெயின்டர். (நாகர்கோவில்)

வண்டலூரில் உருவான வண்டி! பெயின்டரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்தக் காலப் பெயின்டுக்குக் கிளியர் கோட் கிடையாது. நிறமே மேல் தோல். வெயில் அதன் பசையைத் தின்றுவிட்டதால் நிறப்பொடி தனியாக உதிர்கிறது, கையில் ஒட்டும் மாவு அதுதான். பாலிஷ் போடும் துணியில் காரின் நிறம் ஏறும், பயப்பட வேண்டாம், அந்த ரகப் பெயின்டின் இயல்பு அது. ஆனால் கரடுமுரடான காம்பவுண்டைக் கொண்டு ஆரம்பித்தால், மிச்சமிருக்கும் நிறமும் போய் விளிம்புகளில் பிரைமர் பல்லிளிக்கும். பானெட்டும் டிக்கியும் மடியும் இடங்களில் முதலில் தேயும்.

எண்ணெய்ப்பசை அதிகமுள்ள, பெயின்டைத் தேய்த்தெடுக்கும் துகள் இல்லாத கிளேஸ் என்ற மெருகுப் பூச்சு ஒன்றைக் கையால் தாராளமாகப் பூசி, ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் மெதுவாகத் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். காய்ந்த பெயின்ட் குடித்துக்கொண்டே இருக்கும், இரண்டு மூன்று சுற்றில் நிறம் ஆழமாவது கண்ணுக்கே தெரியும். அதன் பிறகு மிக நைசான பாலிஷ், கடைசியில் வாக்ஸ். இடையில் எப்போதாவது பட்டி பார்த்து முழு வண்டியும் மறுபெயின்ட் ஆகியிருக்கலாம் என்பதால், டிக்கிக்குள் மறைவான மூலையில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். பளபளப்பு கண்ணாடி மாதிரி வராது, வர வேண்டியதும் இல்லை.

சொந்தமாகப் பாலிஷ் மெஷின் வாங்கலாமா? (திருநெல்வேலி)

சுழன்றுகொண்டே அசைந்தும் ஓடும் டூயல் ஆக்ஷன் வாங்குங்கள். ஒரே இடத்தில் சுழலும் ரோட்டரி வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில், எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் என் மாமாவின் சிவப்பு ஆல்ட்டோ மேல் ரோட்டரியை வைத்தேன். கதவின் விளிம்புக் கோட்டில் இரண்டு விநாடி கூடுதலாக நின்றுவிட்டது. கிளியர் கோட் எரிந்து, விரல் நீளத்துக்கு மங்கிய பட்டை. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அத்தை இன்றைக்கும் சொல்கிறார். விளிம்பு, மடிப்பு எல்லாவற்றிலும் பேப்பர் டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள், பழகுவதற்குப் பழைய இரும்புக்கடையில் ஒரு பானெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

மஞ்சளாகிப்போன ஹெட்லைட்டுக்கு டூத்பேஸ்ட் போடலாமா? (திருச்சி)

போடலாம், ஒரு மாதத்துக்கு. ஹெட்லைட்டின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மேலிருந்த, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி பூச்சு செத்துப்போனதால்தான் மஞ்சள். டூத்பேஸ்ட் மஞ்சளைத் தேய்த்து எடுக்கும், பூச்சைத் தராது. உப்புத்தாள் போட்டு, பாலிஷ் செய்து, மேலே யூவி கோட்டிங் அடித்தால்தான் நிற்கும்.

மைக்ரோஃபைபர் துணியை வாஷிங் மெஷினில் போடலாமா? (சேலம்)

தாராளமாக. லிக்விட் சோப்பு மட்டும் போதும். வாசனைக்கு ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம், இழை மேல் படிந்து உறிஞ்சும் சக்தியைக் கெடுத்துவிடும். பருத்தித் துணியோடு சேர்த்துப் போட்டால் பஞ்செல்லாம் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் துடைத்த துணியை இதோடு கலக்காதீர்கள். வீட்டுத் துணியோடும் கலக்காதீர்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.