லென்ஸில் ஃபோகஸ் பிசகினால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் பத்து வருடமாகக் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கிறேன் ஐயா. பதினாலு மாதத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கடையில் 70-200 மி.மீ. எஃப் 2.8 ஜூம் லென்ஸ் ரூ.1,08,000 கொடுத்து வாங்கினேன். கேமரா டிஎஸ்எல்ஆர், கேமரா ஒரு கம்பெனி, லென்ஸ் வேறு கம்பெனி. லென்ஸுக்கு இரண்டு வருட வாரண்டி. 70-இல் படம் நன்றாக வருகிறது. 200-க்கு இழுத்தால் ஃபோகஸ் பின்னால் போய் விழுகிறது. சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை அனுப்பினேன். இரண்டு முறையும் ‘அளவுக்குள்தான் இருக்கிறது’ என்று திருப்பிவிட்டார்கள். கடைசியில் ‘நீங்களே காலிபரேஷன் (ஃபோகஸ் பிசகை அளந்து திருத்துவது) செய்துகொள்ளுங்கள்’ என்கிறார்கள். கடைக்காரரோ ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார். தாலி கட்டும் படங்கள் மங்கியதால் ஒரு வீட்டில் பாக்கி ரூ.40,000 தர மறுக்கிறார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? அந்த நாற்பதாயிரமும் கிடைக்குமா? நானே காலிபரேஷன் செய்தால் வாரண்டி போய்விடுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் விரலும் தாலிக்கயிறும் மங்கிக் கிடக்கின்றன. அவருக்குப் பின்னால் நிற்கிற நாத்தனார் கையிலிருக்கும் விளக்கின் திரி மட்டும் இழை இழையாகத் தெரிகிறது. இன்னொரு முறை எடுக்க முடியாத நேரம் அது. உங்கள் கோபம் நியாயமானது.

நுகர்வோர் ஆணையத்துக்கு (நுகர்வோர் நீதிமன்றத்தின் சட்டப் பெயர் அது) போகலாம். ஆனால் இந்த மூன்று படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எதிர்தரப்பு வக்கீல் முதல் நாளே மூன்று கேள்வி கேட்பார்: கை ஆடியதா, மாப்பிள்ளை நகர்ந்தாரா, கோளாறு லென்ஸிலா கேமராவிலா? கல்யாணப் படத்தை வைத்து இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. லென்ஸ் ஒரு கம்பெனி, கேமரா ஒரு கம்பெனி என்பதால் மூன்றாவது கேள்விதான் உங்களை ரொம்பப் படுத்தும். தயாரிப்புக் குறையை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுப்பவருடையது. சர்வீஸ் சென்டர் உங்களைக் கழற்றிவிடச் சொன்ன அந்தக் காலிபரேஷனையே உங்கள் சாட்சியாக மாற்றலாம், முறையாகச் செய்தால்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் மனுவில் எழுத வேண்டியிருப்பதால் சொல்கிறேன். டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியாக எடுக்கும்போது ஃபோகஸைக் கணிப்பது படம் விழும் சென்சார் அல்ல. கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடிக்குக் கீழே தனியாக இருக்கும் இன்னொரு சென்சார். இரண்டுக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ தள்ளிவிடும். லென்ஸிலும் அதேபோலச் சிறு விலகல் இருக்கலாம். இதற்காகத்தான் கேனானில் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட், நிக்கானில் ஏஎஃப் ஃபைன் ட்யூன் என்று மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை திருத்த வசதி கொடுத்திருக்கிறார்கள். அதனால் சின்னத் திருத்தம் தேவைப்படுவதையே குறை என்று வாதிட்டால் நிற்காது. 70 முதல் 200 வரை எல்லாவற்றுக்கும் மைனஸ் 6 வைத்தால் சரியாகிவிடுகிறது என்றால், உண்மையைச் சொல்கிறேன், வழக்கே வேண்டாம்.

உங்கள் வழக்கின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 70-இல் ஒரு திருத்தம், 200-இல் வேறு திருத்தம் கேட்கிற ஜூம் லென்ஸை ஒரே ஒரு எண்ணால் சரிசெய்ய முடியாது. கேனானின் சில கேமராக்களில் வைட் முனைக்கும் (உங்களுக்கு 70) டெலி முனைக்கும் (200) தனித்தனி எண் கொடுக்கலாம். உங்கள் கேமராவில் ஒரு லென்ஸுக்கு ஒரே எண்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். 200-க்குச் சரிசெய்தால் 70 கெடும் என்று அளந்து காட்டிவிட்டால், ‘நீங்களே செய்துகொள்ளுங்கள்’ என்ற பதில் அடிபட்டுப்போகும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. 70-இல் நன்றாக வருகிறது என்கிறீர்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில், மூன்று மீட்டர் தூரத்தில், எஃப் 2.8-இல் (லென்ஸை முழுக்கத் திறந்த நிலையில்) 200-ஐ வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர்தான். அதே இடத்தில் 70-ஐ வைத்தால் அது முப்பது சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். பிசகு 70-இலும் இருந்து, அந்த முப்பது சென்டிமீட்டருக்குள் ஒளிந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் கோளாறு உங்கள் கேமராவிலேயே இருக்க வாய்ப்புண்டு. எதிர்தரப்பு இதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள். டியூப்லைட்டும் மஞ்சள் பல்பும் வேண்டாம், நிழலான பகல் வெளிச்சம் போதும். கேமராவில் ஏற்கெனவே ஏதாவது திருத்தம் வைத்திருந்தால் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, அந்த மெனுவைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கேமரா முக்காலியில், லென்ஸின் ஸ்டெபிலைசர் (ஆட்டம் தணிக்கும் வசதி) அணைந்திருக்கட்டும். நேர் எதிரே கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒட்டிய அட்டை, அதன் பக்கத்தில் சாய்த்து வைத்த ஸ்கேல். தூரம் 200-க்கு ஐந்து மீட்டராவது இருக்கட்டும். ஃபோகஸுக்கு நடுப்புள்ளி மட்டும், எஃப் 2.8. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் ஃபோகஸை இன்ஃபினிட்டிக்குத் திருப்பிவிட்டு மறுபடி பிடிக்கவையுங்கள். 70, 135, 200 மூன்றிலும் பத்துப் பத்துப் படம். அப்புறம் அதே மூன்றிலும் லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுப்பது, இதில் படம் விழும் சென்சாரே ஃபோகஸைக் கணிக்கும்) பத்துப் பத்து. லைவ் வியூவில் தெளிவாகவும் வியூஃபைண்டரில் மங்கலாகவும் வந்தால் கை ஆட்டம் என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும். லைவ் வியூவிலும் மங்கினால் லென்ஸின் கண்ணாடியிலேயே வேறு கோளாறு, அதற்கு எந்தக் காலிபரேஷனும் மருந்தில்லை.

அடுத்தது மாற்றிப் பார்ப்பது. உங்கள் லென்ஸை நண்பர் ஒருவரின் கேமராவில் மாட்டி இதே சோதனை. உங்கள் கேமராவில் 200 வரை போகிற வேறொரு லென்ஸை மாட்டி இதே சோதனை. லென்ஸ் எந்தக் கேமராவில் போனாலும் பிசகுகிறது, உங்கள் கேமரா மற்ற லென்ஸோடு ஒழுங்காக இருக்கிறது என்று வந்தால், யார் மேல் வழக்கு என்பதில் சந்தேகமில்லை. உடனிருந்த நண்பரிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிவிடுங்கள். படங்கள் ராவ் ஃபைலாக (கேமரா பதிவுசெய்த மூல வடிவம்), எடுத்த மெமரி கார்டிலேயே இருக்கட்டும். தேதி, ஜூம் அளவு, எஃப் எண் எல்லாம் ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். எனக்கு நீங்கள் அனுப்பியதிலும் அது இல்லை. தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின்படியான சான்றிதழையும் சேர்த்துவிட்டால் மின்னணு ஆவணம் என்ற பெயரில் யாரும் ஆட்சேபிக்க இடமிருக்காது.

வாரண்டி பற்றிய பயம். கேமரா மெனுவில் எண்ணை மாற்றுவதால் லென்ஸில் எதுவும் மாறுவதில்லை, பயப்பட வேண்டாம். லென்ஸ் கம்பெனியே வாடிக்கையாளருக்கென்று விற்கும் யுஎஸ்பி டாக் (லென்ஸைக் கணினியோடு இணைக்கும் கருவி) வழியாகத் திருத்தினாலும் அது லென்ஸைத் திறந்ததாகாது. ஆனாலும் அதற்கு முன்னால் சர்வீஸ் சென்டருக்கு ஒரு மெயில் போடுங்கள்: ‘நீங்கள் சொன்னபடி நானே காலிபரேஷன் செய்து பார்க்கிறேன், இதனால் வாரண்டி பாதிக்காது என்று உறுதிசெய்யவும்’ என்று. பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மெயில் உங்களுக்குக் கேடயம். எந்தக் காரணத்துக்காகவும் உள்ளூர் மெக்கானிக்கிடம் லென்ஸைத் திறக்கக் கொடுத்துவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் இதேபோல் அவசரப்பட்டு மவுண்ட்டை (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் வளையம்) கழற்றவிட்டார். கோளாறு முதலிலேயே இருந்தது என்பதை அதன்பிறகு எங்களால் நிரூபிக்கவே முடியவில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(7) பிரிவு வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் பட்டியலிலிருந்து விலக்குகிறது. எதிர்தரப்பு முதலில் எடுக்கப்போகும் ஆயுதம் இதுதான். ஆனால் அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று இருக்கிறது. பழைய சட்டத்திலிருந்த இதே விளக்கத்தை உச்ச நீதிமன்றம் 1995-இல் லக்ஷ்மி எஞ்சினியரிங் வொர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் விரிவாக ஆராய்ந்தது. வாங்கிய பொருளைத் தானே இயக்கிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், கூட ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்பது அதன் சாரம். உங்களோடு லைட் பிடிக்க ஒரு பையன் வருகிறான் என்பதால் எதுவும் கெட்டுவிடாது. மாறாக, நான்கு டீம் வைத்து ஆட்களை அனுப்புகிற ஸ்டுடியோ என்றால் இந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். இந்தப் பிழைப்பு விவரத்தை மனுவில் வெளிப்படையாக எழுதுங்கள். அந்த ஒரு பத்தி இல்லாததாலேயே நல்ல புகார்கள் தள்ளுபடியாவதைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். பில் ஸ்டுடியோ பெயரில் இருந்து, ஜிஎஸ்டி உள்ளீட்டு வரிக் கழிவும் எடுத்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். ஒருவேளை ஆணையம் ஏற்காவிட்டால், 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் கீழ் சிவில் நீதிமன்றம் போகும் வழி இருக்கிறது.

பில்லில் அச்சடித்த வாசகத்துக்குப் பெரிய மரியாதை இல்லை. குறையுள்ள பொருளை, பில்லில் கெடு இல்லாதபோது முப்பது நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2(47) பிரிவின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. உங்கள் முதல் புகார் முப்பது நாளுக்குள் போயிருந்தால் கடைக்காரர் மீது இதைச் சேர்க்கலாம். போகவில்லை என்றாலும் பொருளில் குறை, சேவையில் குறைபாடு என்ற இரண்டும் நிற்கும். கம்பெனி, கடை, சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்தரப்பாக்குங்கள். சென்னை நீதிமன்ற எல்லை என்று பில்லில் இருந்தாலும், 34-வது பிரிவு நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க அனுமதிக்கிறது. தஞ்சாவூர் மாவட்ட ஆணையம் போதும்.

‘அளவுக்குள் இருக்கிறது’ என்ற பதிலை விட்டுவிடாதீர்கள். எந்த அளவு, எத்தனை வரை அனுமதி, எந்தத் தூரத்தில் எந்தக் கேமராவில் சோதித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சொன்னால் அதை உங்கள் சோதனையோடு ஒப்பிடலாம். சொல்லாவிட்டால் அந்த மௌனமே சேவைக் குறைபாட்டுக்கு ஒரு சான்று. புகாரோடு, 38-வது பிரிவின்படி லென்ஸை நிபுணர் சோதனைக்கு அனுப்பக் கோரி ஒரு மனுவும் போடுங்கள். சோதனைச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

நாற்பதாயிரத்துக்கு வருகிறேன். லென்ஸை மாற்றித் தரவோ விலையைத் திருப்பித் தரவோ கேட்பதுபோல அது எளிதில்லை. பொருட்பொறுப்பு (குறையுள்ள பொருளால் வரும் தீங்குக்கான பொறுப்பு) விஷயத்தில் ‘தீங்கு’ என்பதற்குள் வணிக இழப்பு வராது என்று சட்டமே சொல்கிறது. இழப்பீடாகக் கேட்கலாம்தான். ஆனால் ஒரு கேள்வி வரும்: பிசகு தெரிந்த பிறகும் அதே லென்ஸை ஏன் கல்யாணத்துக்கு எடுத்துப் போனீர்கள்? இழப்பைக் குறைக்க முயன்றீர்களா என்று ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவு பார்க்கும். முதல் சர்வீஸ் ஜாப் ஷீட்டின் (சர்வீஸ் சென்டர் தரும் வேலைச் சீட்டு) தேதிக்கு முன்னால் அந்தக் கல்யாணம் நடந்திருந்தால் தெம்பாகக் கேளுங்கள். பிறகு என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் வேறு லென்ஸை வாடகைக்கு எடுங்கள், ரசீது வாங்குங்கள். அந்த வாடகை கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. இன்னொன்றும் மறக்க வேண்டாம்: அந்தக் கல்யாண வீட்டாருக்கு நீங்கள்தான் சேவை கொடுத்தவர். அவர்களும் உங்கள் மேல் புகார் கொடுக்க முடியும். நேரில் போய்ப் பேசி, எவ்வளவு கழித்துக்கொண்டார்கள், எதற்காக என்று ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். சமாதானமும் ஆகும், இழப்புக்கு ஆதாரமும் ஆகும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சில கம்பெனிகள் அங்கேயே இறங்கி வந்துவிடுவதுண்டு. நகராவிட்டால் பதினைந்து நாள் கெடு வைத்து நோட்டீஸ், பிறகு புகார். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், தயாராக இருங்கள்.

புகார் கொடுக்க நுகர்வோர் சட்டத்தின் 69-வது பிரிவில் இரண்டு வருடக் கெடு. பாதுகாப்புக்காக வாங்கிய தேதியிலிருந்தே எண்ணுங்கள். பதினாலு மாதம் போய்விட்டது. இரண்டு ஜாப் ஷீட்டில் ஒன்றுதான் கையில் இருக்கிறது என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். மற்றதன் நகலைக் கேட்டு இன்றைக்கே சர்வீஸ் சென்டருக்கு மெயில் அனுப்புங்கள்.